ஹார்ட்ராக் 100: நடக்கிற வேகத்தில் ஓடுகிற ஓட்டத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

கோவை_விடியல்:

எல்லோருக்கும் வணக்கம். நான் ரோட்டில் மட்டுமே ஓடுகிறவன். மாரத்தானை நான்கு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று தினமும் விடியற்காலையில் ரேஸ்கோர்ஸைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஓட்டக் குழுவில் ஒருவர் அமெரிக்காவின் கொலராடோவில் நடக்கும் ஹார்ட்ராக் 100 பற்றி எழுதியிருந்தார். சான் ஹுவான் மலைகளில் 102.5 மைல், அதாவது சுமார் 165 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் மட்டும் ஏறத்தாழ 10,000 மீட்டர். கெடு 48 மணி நேரம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கெடுவுக்குள் முடிக்க மணிக்கு மூன்றரை கிலோமீட்டர்கூடத் தேவையில்லை. சமதரையில் சும்மா நடந்தாலே அதைவிட வேகமாகப் போகலாம். பரிசுப் பணமும் கிடையாதாம். ஆனால் ஓட இடம் கிடைக்கவே குலுக்கலில் பெயர் வர வேண்டும், அதற்குப் பல வருடம் காத்திருக்கிறார்கள் என்கிறார்.

மட்டம் தட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியவில்லை. உடம்பை வருத்திக்கொள்வதைத் தவிர இதில் கிடைப்பது என்ன? ஓடியவர்களோ பக்கத்தில் நின்று பார்த்தவர்களோ இருந்தால் சொல்லுங்கள். சுவரொட்டி வாசகம் வேண்டாம், நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்.

நீலமலை_நடை:

நான் 50 கிலோமீட்டர் மலை ஓட்டத்தைத் தாண்டியதில்லை. அதனால் வேகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ரோட்டுக் கணக்கை மலைக்குக் கொண்டுவராதீர்கள். ஹார்ட்ராக் பாதையின் சராசரி உயரமே 3,300 மீட்டருக்கு மேல். உச்சமான ஹேண்டீஸ் சிகரம் 4,280 மீட்டர். அங்கே மூச்சு இழுத்தால், கடல் மட்டத்தில் கிடைக்கும் ஆக்ஸிஜனில் சுமார் அறுபது சதவீதம்தான் உள்ளே போகும். காலுக்கடியில் சரளைச் சரிவு, ஜூலையிலும் கரையாத பனி, முழங்கால் வரை ஓடை. ஒரு கிலோமீட்டருக்கு நாற்பது நிமிடம் ஆனாலும் அது நல்ல வேகமாக இருக்கிற இடங்கள் உண்டு. இறக்கத்தில் ஓடிவிடலாம் என்று நினைப்போம், தொடை கழன்றுபோவதே அங்கேதான்.

என்ன கிடைக்கிறது என்ற கேள்விக்கு அனிமாஸ்_கரை அக்கா வந்தால் நன்றாக இருக்கும். அந்தப் பக்கத்திலேயே குடியிருப்பவர்.

அனிமாஸ்_கரை:

கூப்பிட்டதற்கு நன்றி. தம்பி கோவை_விடியல், நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் டுராங்கோவில் இருக்கிறேன். ஓட்டம் தொடங்கி முடிகிற சில்வர்டன் இங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஹார்ட்ராக்கை நான் ஓடியதில்லை. குலுக்கலில் என் சீட்டுகள் சேர்ந்துகொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் அங்கே எய்டு ஸ்டேஷனில், அதாவது வழியில் ஓட்டக்காரர்களுக்குச் சாப்பாடும் உதவியும் கொடுக்கும் இடத்தில், வேலை பார்த்திருக்கிறேன், என்னோடு வேலை செய்பவர் ஓடியபோது அவருக்கு இரவில் பேஸராக, அதாவது துணைக்கு ஓடுகிறவராக, கூடப் போயிருக்கிறேன்.

மாரத்தானில் 35-வது கிலோமீட்டரில் கால் கல்லாகிப் போகும் அனுபவம் உங்களுக்கே இருக்கும். அங்கிருந்து கடைசிக் கோடு வரை பல்லைக் கடித்துக்கொண்டு போகிறோம், முடிந்துவிடுகிறது. உடைந்துபோன பிறகு என்ன நடக்கும் என்பதைப் பார்க்க மாரத்தானில் நேரம் இல்லை. ஹார்ட்ராக்கில் நேரம் இருக்கிறது. மனுஷன் முழுசாக உடைந்து உட்கார்ந்து, ஒரு மணி நேரம் கழித்துத் தேறி எழுந்து, மறுபடி சிரித்துப் பேசிக்கொண்டு ஏறி, மறுபடி உடையலாம். ஒரே ஓட்டத்தில் இது இரண்டு மூன்று முறைகூட நடக்கும். "இனி முடியாது" என்று உடம்பு அடித்துச் சொல்வது பல நேரம் உண்மையில்லை என்பதைக் கேள்விப்படுவது வேறு, தன் காலிலேயே கண்டுகொள்வது வேறு. இந்த ஓட்டத்தில் கிடைக்கும் பெரிய பொருள் இதுதான் என்று நான் நம்புகிறேன். மெதுவாகப் போகிறவருக்கு அது கூடுதலாகவே கிடைக்கிறது. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறார்கள். முதலில் வருகிறவர் ஒரே இரவில் முடித்துவிடுவார். நாற்பது மணி நேரத்தைத் தாண்டுகிறவருக்கு மலையில் இரண்டு இரவு.

அந்த இரண்டாவது இரவைத்தான் நான் கன்னிங்ஹாம் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் பார்த்தேன். ஓட்டம் ஒரு வருடம் கடிகாரம் சுற்றும் திசையில் போகும், மறுவருடம் எதிர்த்திசையில். கடிகாரத் திசையில் போகும் வருடம் கன்னிங்ஹாம்தான் கடைசி எய்டு ஸ்டேஷன். சில்வர்டனுக்கு இன்னும் ஒன்பது மைல்தான். ஆனால் நடுவில் லிட்டில் ஜயண்ட் ஏற்றம் நிற்கிறது, கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரக் கணவாய். பள்ளத்தாக்கில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஹெட்லாம்ப் வெளிச்சங்கள் கொண்டை ஊசி வளைவுகளில் மெல்ல மெல்ல மேலே போவது தெரியும். இப்போதுதான் கீழே வந்து சேர்ந்தவர் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

இரவு பத்து மணி இருக்கும். அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் வந்து நாற்காலியில் விழுந்தார். விழுந்தார் என்றுதான் சொல்ல வேண்டும், உட்காரவில்லை. விரல்களெல்லாம் வீங்கி, முதுகுப் பையின் கொக்கியைக்கூட அவரால் கழற்ற முடியவில்லை. நான்தான் கழற்றினேன். ஷூவைக் கழற்றியதும் சேறும் தண்ணீரும் கொட்டின. பாதம் முழுக்க தண்ணீரில் ஊறிய அப்பளம் போல வெளுத்துச் சுருங்கி, குதிகாலில் தோல் மடிப்பு மடிப்பாகப் பிரிந்திருந்தது. துடைத்து, காய வைத்து, பவுடர் போட்டு, மடிப்புகளைத் தட்டையாக அழுத்தி டேப் ஒட்டினேன். டேப்பில் ஒரு சுருக்கம் விழுந்தால் போதும், அதுவே அடுத்த கொப்புளம். அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. "நான் முடித்துவிட்டேன், பெயரை எடுத்துவிடுங்கள்" என்று இரண்டு முறை சொன்னார்.

எங்கள் ஸ்டேஷன் தலைவி பல வருட அனுபவசாலி. சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. "முதலில் சூப் குடியுங்கள், பிறகு பேசலாம்" என்றார். வேகவைத்த உருளைக்கிழங்கை உப்பில் தொட்டுக் கொடுத்தோம். ஒன்று சாப்பிட்டார், இன்னொன்று கேட்டார். போர்வைக்குள் இருபது நிமிடம் தூங்கினார். எழுந்தவர் தன் பெயரைப் பற்றிப் பேசவே இல்லை, "என் குச்சிகள் எங்கே?" என்று, ஊன்றி ஏறும் குச்சிகளைக் கேட்டார். இருட்டுக்குள் போனார். அவருடைய விளக்கு இரண்டாவது வளைவைத் தாண்டும்வரை நான் வேறு வேலை எதுவும் பார்க்கவில்லை. ஞாயிறு காலை சில்வர்டனில் அவரைப் பார்த்தேன், தட்டு நிறைய முட்டையும் ரொட்டியுமாக உட்கார்ந்திருந்தார்.

நான் பேஸராகப் போனதும் கடிகாரத் திசை வருடம்தான். என் சகாவோடு கிரௌஸ் கல்ச்சில் சேர்ந்துகொண்டேன், அதிகாலை மூன்று மணிக்கு. அங்கிருந்து ஒரு கணவாய் ஏறி, அமெரிக்கன் பேசினில் கொஞ்சம் இறங்கி, பிறகு ஹேண்டீஸ் ஏற வேண்டும். கணவாயில் காற்று சுழற்றி அடித்தது. அவர் ஒரு பாறை மறைவில் குனிந்து, குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தார். எனக்குப் பயமாக இருந்தது. அந்த உயரத்தில் நுரையீரலில் நீர் கோக்கும் ஆபத்து உண்டு. இருமுகிறாரா, மூச்சில் கொரகொர சத்தம் கேட்கிறதா, பேச்சு தெளிவாக இருக்கிறதா என்று கவனித்துக்கொண்டே இருந்தேன். பேச்சு தெளிவாகத்தான் இருந்தது. வயிறுதான் கோளாறு. ஒரு இஞ்சி மிட்டாயைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளச் சொன்னேன். நாற்பது அடி நடப்போம், நிற்போம். பிறகு இன்னொரு நாற்பது அடி. அப்படியே போய் ஹேண்டீஸ் உச்சியைத் தொடும்போது கிழக்கு வெளுத்துவிட்டது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மலைதான். அவர் பேசாமல் சுற்றிப் பார்த்தார், பிறகு "பசிக்கிறது" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் பட்ட சந்தோஷம் இருக்கிறதே! அதன்பின் பர்ரோஸ் பார்க் வரை இறக்கத்தில் என்னால் அவருக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும். இது யாரோ ஒருவர் வரைபடத்தில் கோடு கிழித்து, கடினமாக இருக்கட்டும் என்று உண்டாக்கிய பாதை இல்லை. சில்வர்டன், டெல்யுரைடு, யூரே, லேக் சிட்டி எல்லாம் வெள்ளியும் தங்கமும் தோண்டிய ஊர்கள். கடும்பாறைச் சுரங்கத் தொழிலாளிகளின் பெயரைத்தான் ஓட்டத்துக்கு வைத்திருக்கிறார்கள். அவர்களும் அவர்கள் ஓட்டிய கோவேறு கழுதைகளும் போட்ட தடங்களை இந்த ஓட்டம் இணைக்கிறது. யூரேக்கு மேலே பேர் கிரீக் பாதையைப் பாருங்கள், செங்குத்துப் பாறையின் விலாவைக் குடைந்து வெட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் அதலபாதாளம். இன்னும் மேலே போனால் யெல்லோ ஜாக்கெட் சுரங்கத்தின் இயந்திரங்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. சில்வர்டனின் பெரிய சுரங்கமான சன்னிசைடு 1991-ல் மூடப்பட்டது. முதல் ஹார்ட்ராக் 1992-ல் நடந்தது. வேலை போன ஊருக்குள் அடுத்த வருடமே, அதே தடங்களில் ஏற ஆட்கள் வந்து நின்றார்கள். அந்தக் காலத்தில் பாரம் சுமந்து இதே வழியில் போனவர்களுக்குக் கெடு நேரமும் கிடையாது, சூப் கொடுக்க ஆளும் கிடையாது. இரவில் பேர் கிரீக்கில் நடக்கும்போது அந்த நினைப்பு வராமல் இருக்காது.

கோவை_விடியல்:

அக்கா, நன்றி. 35 கிலோமீட்டர் விஷயம் சுருக்கென்று தைத்தது. உடைந்த பிறகு தேறி வருவதை நான் ஒரு முறைகூட அனுபவித்ததில்லை, அதற்குள் மெடல் கழுத்தில் விழுந்துவிடுகிறது.

இரண்டு சந்தேகம். உயிருக்கு ஆபத்து எந்த அளவு? இதை வீட்டில் அம்மாவிடம் சொன்னால் அதைத்தான் முதலில் கேட்பார். அடுத்தது, மெதுவாகப் போகிறவருக்குத்தான் கூடுதலாகக் கிடைக்கிறது என்றால் ஜெயிப்பவர்களுக்கு அங்கே என்ன மதிப்பு?

அனிமாஸ்_கரை:

அம்மா கேட்பது நியாயம். ஆபத்து இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஜூலை மதியங்களில் சான் ஹுவானில் இடி மின்னல் சர்வசாதாரணம். மரமே இல்லாத முகடுகளில் ஒதுங்க இடம் கிடையாது. 2014-ல் கனடாவின் ஆடம் கேம்ப்பெல்லும் அவருடைய பேஸரும் ஹேண்டீஸ் பக்கம் போகும்போது அருகில் மின்னல் இறங்கி, தரை வழியே பாய்ந்த மின்சாரத்தில் கீழே விழுந்தார்கள். ஹெட்லாம்ப் கருகிப்போனது. கேம்ப்பெல் எழுந்து இறங்கிப் போய் மூன்றாவதாக முடித்தார். இதை வீரக்கதையாக அம்மாவிடம் சொல்லாதீர்கள். வானம் கறுத்தால் முகட்டுக்குக் கீழேயே காத்திருப்பதுதான் அறிவு. போகிற நேரம் போகட்டும்.

கிரான்ட் ஸ்வாம்ப் கணவாயில் ஒரு கற்குவியல் இருக்கிறது. மூன்று முறை ஹார்ட்ராக்கை முடித்த ஒருவர், 1998-ல் ஓட்டம் முடிந்து ஊர் திரும்பும் வழியில் மூளை ரத்தக்குழாய் வெடித்து இறந்துபோனார். அவர் நினைவாக வைத்தது. அந்த வழியாகப் போகிற ஓட்டக்காரர்கள் ஆளுக்கொரு கல்லை எடுத்து அதன் மேல் வைத்துவிட்டுப் போவார்கள். சரளைச் சரிவில் இரண்டடி ஏறினால் ஒரு அடி வழுக்குகிற இடம் அது. அத்தனை களைப்பிலும் குனிந்து ஒரு கல் எடுக்கிறார்கள்.

ஜெயிப்பவர்களுக்கு மதிப்பு நிறையவே உண்டு. பிரான்சின் லுடோவிக் பொம்மெரே ஐம்பதை நெருங்கும் வயதில் 2024-ல் 21 மணி 33 நிமிடத்தில் முடித்தது எங்களுக்கெல்லாம் திருவிழா. 2017-ல் ஸ்பெயினின் கிலியன் ஜோர்னே ஆரம்பத்திலேயே விழுந்து தோள்மூட்டு நழுவி, கையைக் கட்டிக்கொண்டே ஓடி ஜெயித்தார். ஆனால் எனக்கு அவரிடம் அதைவிடப் பிடித்தது 2016. அவரும் ஜேசன் ஷ்லார்பும் நெடுந்தூரம் சேர்ந்தே ஓடி, கைகோத்தபடி வந்து கல்லுக்கு ஒன்றாக முத்தம் கொடுத்தார்கள். இருவருமே முதலிடம். கல் என்று சொன்னேனே, சில்வர்டன் பள்ளி ஜிம் வாசலில் காட்டு ஆட்டுத் தலை வரைந்த பெரிய கற்பலகை வைத்திருப்பார்கள். கோட்டைத் தாண்டினால் போதாது, அதற்கு முத்தம் கொடுத்தால்தான் முடித்ததாகக் கணக்கு. முதலில் வருகிறவருக்கும் 47 மணி 50 நிமிடத்தில் வருகிறவருக்கும் அதே கல்தான். ஞாயிறு காலைக் கூட்டத்தில் முடித்தவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைப்பார்கள்.

நீலமலை_நடை:

அக்கா, 2018-ல் முன்னணியில் ஓடியவரைத் தகுதிநீக்கம் செய்தார்களே, அது எனக்கு இன்னும் ஆறவில்லை. இவ்வளவு அன்பான ஓட்டம் என்கிறீர்கள், கொஞ்சம் தண்ணீருக்கும் ஐஸுக்கும் அவ்வளவு கண்டிப்பா?

அனிமாஸ்_கரை:

சேவியர் தெவனார் விஷயம்தானே. யூரேயைத் தாண்டிச் சுமார் இரண்டு மைலில், எய்டு ஸ்டேஷனுக்கு வெளியே தன் ஆட்களிடம் தண்ணீரும் ஐஸும் வாங்கினார். கன்னிங்ஹாமில் வைத்து நிறுத்தினார்கள். மிச்சம் ஒன்பது மைல்தான். எனக்கும் மனசு கனத்தது. ஆனாலும் முடிவு சரி என்றே நினைக்கிறேன்.

ஏன் என்றால், இந்த ஓட்டத்தில் உதவி எப்படி வருகிறது என்று பாருங்கள். விர்ஜினியஸ் கணவாய் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஒரு பாறை இடுக்கு. பத்துப் பேர் நின்றாலே நெருக்கடி. அங்கேதான் குரோகர்ஸ் கேன்டீன் என்ற எய்டு ஸ்டேஷன். அடுப்பு, தண்ணீர், சாப்பாடு எல்லாவற்றையும் தன்னார்வலர்கள் முதுகில் சுமந்து செங்குத்தில் ஏற்றுகிறார்கள், தங்கள் விடுமுறையைச் செலவழித்து. எல்லோருக்கும் ஒரே மாதிரி, குறித்த இடத்தில் மட்டும் என்கிற ஒழுங்கு இருப்பதால்தான் அந்தச் சூப்புக்கு மதிப்பு. தனக்கென்று வழியில் ஆள் நிறுத்த வசதியுள்ளவருக்கு ஒரு மலை, மற்றவருக்கு வேறு மலை என்று ஆகிவிடக் கூடாது.

தேனி_சாரல்:

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் மகன் டென்வரில் இருக்கிறான், மலை ஓட்டம் ஓடுகிறான், ஹார்ட்ராக் கனவு அவனுக்கும் உண்டு. எனக்கு ஐம்பத்து நான்கு வயது. அடுத்த ஜூலையில் அங்கே போகிறேன். அவனுக்கு இடம் கிடைக்க என்ன செய்ய வேண்டும்? ஓடத் தெரியாத என்னைப் போன்றவர்கள் போய்ப் பார்க்க முடியுமா?

அனிமாஸ்_கரை:

தாராளமாக வாருங்கள்!

மகனுக்கு: அவர்கள் பட்டியலில் இருக்கிற கடினமான 100 மைல் ஓட்டங்களில் ஒன்றை முடித்திருக்க வேண்டும், தன்னார்வ வேலையும் செய்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் குலுக்கல். அரசு நிலத்தில் ஓடுவதால் அனுமதி சுமார் 145 பேருக்குத்தான், அதைக் கூட்ட முடியாது. பெயர் வராத ஒவ்வொரு வருடத்துக்கும் சீட்டு எண்ணிக்கை ஏறும். இடம் கிடைத்தாலும் ஓட்டம் நடக்கும் என்று நிச்சயமில்லை. 2002-ல் காட்டுத்தீயால் நின்றது. 2019-ல் பனியும், பனிச்சரிவு அடித்து வந்து குவித்த மரங்களுமாகப் பாதை அடைபட்டது. அவனைப் பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள். இப்போதைக்கு என்னைப் போல எய்டு ஸ்டேஷன் வேலைக்குப் பெயர் கொடுக்கட்டும், ஓட்டத்தை அங்கே நன்றாகக் கற்றுக்கொள்ளலாம்.

உங்களுக்கு: சில்வர்டனே 2,800 மீட்டர் உயரம். வந்த அன்றே அலையாமல் இரண்டு நாள் ஓய்வெடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். டெல்யுரைடு, யூரே இரண்டும் ஊருக்குள்ளேயே இருக்கும் ஸ்டேஷன்கள், சாதாரணக் காரில் போகலாம். சனிக்கிழமை இரவு சீக்கிரம் தூங்கிவிட்டு, ஞாயிறு காலை நான்கு மணிக்கெல்லாம் பள்ளி ஜிம் வாசலுக்கு வந்துவிடுங்கள். கெடு ஆறு மணி. அந்த இரண்டு மணி நேரத்தில் வருகிறவர்களைப் பார்க்காமல் போகாதீர்கள். ஸ்வெட்டர், குல்லா, கையுறை மூன்றும் அவசியம், ஜூலை என்று ஏமாந்துவிடாதீர்கள். நான் அங்கேதான் இருப்பேன், தமிழில் பேசிக்கொண்டே கை தட்டலாம்.

கோவை_விடியல்:

அக்கா, நாளைக்கு ரேஸ்கோர்ஸ் கிடையாது. மருதமலைப் படிக்கட்டில் ஏறி இறங்கப் போகிறேன், நேரம் பார்க்காமல். குச்சி வாங்க வேண்டுமா, இப்போதைக்கு வேண்டாமா?

அனிமாஸ்_கரை:

படிக்கட்டுக்கு வேண்டாம் தம்பி. இறங்கும்போது அவசரப்படாதீர்கள், மறுநாள் தொடை வலி சொல்லிக் காட்டும். முதல் 50 கிலோமீட்டர் மலை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்ததும் எழுதுங்கள், குச்சியின் உயரம் எப்படிப் பார்ப்பது என்று அப்போது சொல்கிறேன்.